சரிவான மனையில் சருகு பரப்பினால் மண் அரிப்பு நிற்குமா? மழையில் சருகே அடித்துக்கொண்டு போய்விடாதா?

முழுமையாக நிற்காது, ஆனால் பெருமளவு குறையும். மனை எந்த ஊரில் என்று நீங்கள் எழுதவில்லை. "மரங்கள் இருந்தும் மண் போகிறது" என்று குறிப்பிட்டிருப்பதால், மரத்தடியை நாள்தோறும் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் வேளாண்மை படித்தவன் அல்லன்; சென்னைப் பல்லாவரத்தில் குன்றின் அடிவாரத்தில் குடியிருப்பவன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் தூங்குமூஞ்சி, புங்கை, பெருங்கொன்றை மரங்கள் நிற்கும் பொதுச் சரிவு ஒன்று உண்டு. ஐப்பசி பிறப்பதற்கு முன் குடியிருப்போர் சங்கம் ஆள் வைத்து அதைத் தரை தெரியப் பெருக்கி, சருகைக் குவித்து எரிப்பது வழக்கம். முதல் பெருமழையிலேயே செம்மண் கரைந்து தெருவில் ஓடும். வடிகால் சரளையால் அடைபடும். அதைத் தூர்வார மறுபடியும் வசூல் நடக்கும். என் வீட்டுக்குப் பின்புறமுள்ள பகுதியை மட்டும் பெருக்காமல் விடும்படி வற்புறுத்தி ஒருவழியாக அனுமதி பெற்றேன். அந்த ஆண்டு மழை ஓய்ந்ததும் இரு பகுதிகளையும் குனிந்து பார்த்தேன். பெருக்கிய பக்கத்தில் ஒவ்வொரு கூழாங்கல்லும் விரற்கடை உயர மண்தூண் ஒன்றின்மேல் நின்றது. கல் மூடிய மண் தப்பியிருக்க, சுற்றியிருந்த மண் போய்விட்டிருந்தது. அப்பக்கத்து மதிற்சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறித்திருந்தது. சருகு கிடந்த பக்கத்தில் சுவர் வெள்ளையாகவே இருந்தது. சருகை விலக்கினால் மண்புழு எச்சமும் ஈரமும்தான் தெரிந்தன.

சரிவில் ஓடும் நீர்தான் மண்ணை அரிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஓடும் நீர் மண்ணைச் சுமந்து செல்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதற்கு முன்பே மண்ணைப் பெயர்த்துத் தருவது துளியின் அடி. ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள மழைத்துளி நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதி மண்கட்டியை உடைக்கிறது. உடைந்த பொடி மண்ணின் துளைகளை அடைத்துவிடுவதால் நீர் உள்ளே இறங்காமல் மேலோடத் தொடங்குகிறது. உயரமான மரம் இதைத் தடுத்துவிடுவதில்லை. இலைகளில் சேர்ந்து பெருத்துச் சொட்டும் துளி, பல மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது இழந்த வேகத்தைப் பெரும்பாலும் மீட்டுக்கொள்கிறது. அகன்ற இலை கொண்ட தேக்குத் தோட்டங்களில், தரைச் சருகை எரித்துவிட்டால் மண் அரிப்பு கடுமையாவது இதனால்தான். மண்ணைக் காப்பது மரத்தைவிட மரத்தடியில் கிடக்கும் சருகே.

இதைப் பாட்டி காலத்துப் பேச்சு என்று ஒதுக்குவோருக்காக ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க வேளாண் துறைக்காக விஷ்மையர், ஸ்மித் ஆகிய இருவர் உருவாக்கி 1965-இல் வெளியான மண்ணிழப்புச் சமன்பாட்டில் மழை, மண், சரிவு ஆகியவற்றோடு நிலத்தின் மூடாக்கும், அதாவது மண்ணை மூடியிருக்கும் செடியும் சருகும், தனிக் காரணியாகப் பெருக்கப்படுகிறது. மழையையும் சரிவையும் நம்மால் எளிதில் மாற்ற முடியாது. மூடாக்கை மாற்ற முடியும்.

சருகு அடித்துச் செல்லப்படுமா என்ற உங்கள் அச்சம் நியாயமானதே. மூன்றடி நீளத்துக்கு ஓரடி உயரம் என்ற அளவைவிடச் செங்குத்தான சரிவில் வெறும் சருகு நிற்காது. அங்கே வெட்டிய கிளைகளையோ தென்னை மட்டைகளையோ சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் படுக்கவைத்து முளையடித்து, சரிவில் அவற்றுக்கு மேற்பக்கமுள்ள தரையில் சருகைப் பரப்ப வேண்டும். இன்னும் செங்குத்தாக இருந்தால் தென்னை நார் வலையை விரித்து ஆணியடிப்பதே பாதுகாப்பு. சருகு இரண்டு மூன்று அங்குலக் கனம் இருந்தால் போதும், ஆனால் தரையைத் தொட்டுக் கிடக்க வேண்டும். வாதாம், பலா போன்ற அகன்ற இலைகளை மட்டும் போட்டால் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓடு வேய்ந்ததுபோல் நீரை வழியவிட்டுவிடும். புங்கை, வேம்பு, சவுக்கு ஆகியவற்றின் சருகைக் கலந்தால் பின்னிக்கொண்டு நிற்கும். மேலிருந்து வாய்க்காலாகப் பாயும் நீரைச் சருகு தாங்காது. அதை முதலில் திருப்பிவிட்டு, குறுக்கே வெட்டிவேர் வரிசை நடுங்கள். வேர் பிடிக்கும்வரை மண்ணைக் காப்பது சருகின் வேலை.

பாம்பு வரும், கொசு வரும் என்று எங்கள் சங்கத்திலும் சொன்னார்கள். கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். சரிவில் பரப்பிய சருகில் நீர் தேங்குவதில்லை. பாம்பு அச்சத்தை நான் மறுக்கவில்லை. ஆகவே வாசலையும் நடைபாதையையும் ஒட்டி ஓரிரு மீட்டர் அகலத்துக்குச் சருகு போடாதீர்கள்; மரத்தின் அடித்தண்டையும் ஒட்டிக் குவிக்காதீர்கள். எனக்குத் தாங்க முடியாதது எரிப்பதுதான். திறந்தவெளியில் குப்பையை எரிப்பதை 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடைசெய்தன. அப்படியிருந்தும், மூச்சிரைப்பு உள்ள முதியவர்கள் குடியிருக்கும் தெருவில் காலையில் சருகுப் புகையை எழுப்பிவிட்டு அதற்குத் துப்புரவு என்று பெயர் வைக்கிறார்கள். அதற்குச் சந்தாப் பணமும் செலவாகிறது.

சென்னை மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால், புரட்டாசிக்குள் மூடாக்கு தரையில் இருக்க வேண்டும். ஆனால் புங்கையும் வேம்பும் மாசி, பங்குனியில்தான் மிகுதியாக இலை உதிர்க்கின்றன. அப்போது கிடைக்கும் சருகைக் கோணிப்பைகளில் அடைத்து நனையாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.