விளையாட்டு வீரராக இருந்து அரசின் உயர் பதவிக்கு வந்தவர்களில் உங்களை மிகவும் ஈர்த்தவர் யார்?

எனக்கு ஒரே பெயர்தான். சார்ல்ஸ் பெர்கின்ஸ். ஆஸ்திரேலிய மத்திய அரசில் ஒரு துறைக்குச் செயலரான முதல் பழங்குடி மனிதர். அமைச்சருக்கு அடுத்து துறையையே நடத்துகிற பதவி அது.

1936-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்தார், தாய் அரெர்ன்டே என்ற பழங்குடி இனத்தவர். சிறு வயதிலேயே அடிலெய்டில் இருந்த ஒரு சிறுவர் விடுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே படிப்பில் யாரும் இவர்மேல் நம்பிக்கை வைக்கவில்லை, ஃபிட்டர் வேலை பழகப் போனார். ஆனால் காலில் பந்து இருந்தது. 1957-இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கால்பந்து அணி தேர்வுக்கு அழைத்தது. அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே பிஷப் ஆக்லாந்து அணிக்கு ஆடினார். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களுக்கு எதிராக ஆடப் போனபோதுதான் தானும் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று முடிவு செய்தார்.

அவரைப் பற்றிப் பேசுபவர்கள் கால்பந்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. திரும்பி வந்து அவர் ஆடியது அடிலெய்டில் குரோஷியர்களின் அணிக்கு, சிட்னியில் கிரேக்கர்களின் பான் ஹெலெனிக் அணிக்கு. புதிதாகக் குடியேறிய அந்த மக்கள் அவரைச் சமமாக உட்காரவைத்துச் சோறு போட்டார்கள், சொந்த நாட்டில் பல ஊர்களில் கிடைக்காத மரியாதை அது. சிட்னி பல்கலைக்கழகத்தில் படித்து 1966-இல் பட்டம் வாங்கியதும் கால்பந்தில் வந்த காசின் துணையோடுதான்.

படித்துக்கொண்டிருக்கும்போதே, 1965 பிப்ரவரியில், சுமார் முப்பது மாணவர்களோடு ஒரு பேருந்தில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உட்பகுதி ஊர்களுக்குக் கிளம்பினார். வால்கெட்டில் முன்னாள் ராணுவ வீரர்களின் கிளப் பழங்குடி வீரர்களை உள்ளே விடாது. மோரீ ஊரின் நீச்சல் குளத்தில் பழங்குடிக் குழந்தைகள் பள்ளியோடு வந்தால் குளிக்கலாம், பள்ளி நேரம் முடிந்தால் வெளியே போய்விட வேண்டும். பெர்கின்ஸ் அந்தக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் டிக்கெட் வாங்கும் இடத்திலேயே நின்றார். உள்ளே விட்டார்கள். பேருந்து அடுத்த ஊருக்குப் போனதும் தடை மறுபடி வந்துவிட்டது என்று தெரிந்து திரும்பி வந்தார்கள். இந்த முறை முட்டையும் தக்காளியும் பறந்தன, கூட்டம் மாணவர்களை அடித்தது, அவர்கள் நகரவில்லை. தடையை நீக்க முயல்வதாக ஊர் மேயர் ஒப்புக்கொண்ட பிறகுதான் கிளம்பினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், வெள்ளையரல்லாதவர்கள் குடியேறுவதைத் தடுத்த ‘வெள்ளையர் ஆஸ்திரேலியா’ கொள்கையால் நாடு கடத்தப்பட இருந்த நான்சி பிரசாத் என்ற ஃபிஜி இந்தியச் சிறுமியை விமான நிலையத்திலேயே தூக்கிக்கொண்டு போனார். சிறுமியை அனுப்பத்தான் செய்தார்கள், ஆனால் அந்தக் கொள்கை எவ்வளவு கொடூரமானது என்று நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஆள் 1969-இல் கான்பெராவில் அரசு வேலையில் சேர்ந்தால் எப்படி இருக்கும்? வாயை மூடிக்கொண்டு கோப்பு பார்க்க அவரால் முடியவில்லை. ஆட்சியாளர்களைப் பொதுவில் விமர்சித்து ஒழுங்கு நடவடிக்கையைச் சந்தித்தார். 1972-இல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகும் 28 ஆண்டுகள் வாழ்ந்து ஓயாமல் உழைத்தார். இவ்வளவுக்கும் நடுவே 1984-இல் பழங்குடி விவகாரத் துறையின் செயலரானார். அரசு ஊழியர் என்றால் மேலிடத்துக்குத் தலையாட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்பேன்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 1988-இல் நிர்வாகக் குறைபாடு என்று குற்றச்சாட்டு எழுந்து பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பிறகு நடந்த விசாரணைகளில் அவர்மேல் குற்றமில்லை என்று தெளிவானது, பதவி மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அப்புறமும் அவர் ஒதுங்கவில்லை. 1990-களில் பழங்குடி மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தேசிய ஆணையத்துக்கு உறுப்பினராகப் போனார், அதன் துணைத் தலைவராகவும் இருந்தார்.