பழைய ஹோண்டா சிட்டி வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் 2017 மாடல் ஹோண்டா சிட்டி பெட்ரோல் கார் ஒன்று விலைக்கு வருகிறது. அப்பா, அம்மா, 2 பிள்ளைகளோடு ஊருக்குப் போய்வர வாங்கலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: தாராளமாக வாங்கலாம். 1.5 லிட்டர் இன்ஜின் நன்றாக உழைக்கும், டிக்கி 510 லிட்டர், பின்சீட்டில் காலை நீட்டி உட்காரலாம். என் கவலையெல்லாம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் அந்த வண்டி நின்றதா என்பதுதான். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள், அப்புறம் ஸ்டெப்னி குழியில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், வங்கி தரும் என்.ஓ.சி.யை (ஆட்சேபம் இல்லை என்ற சான்றிதழை) பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சரி, அம்மாவுக்கு மூட்டுவலி உண்டா? சிட்டி மாதிரி செடான் கார்களில் சீட் தாழ்வாக இருக்கும், அவரையும் கூட்டிப்போய் ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.