பன்னாட்டு நிறுவனமா, அதற்கு உதிரிபாகம் செய்யும் ஆலையா?

மகனுக்குப் பெரிய பன்னாட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தும், அதற்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நடுத்தர ஆலைக்குத்தான் போவேன் என்கிறான், வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. சம்பளக் கணக்கைப் பிறகு பார்ப்போம்.

1979-இல் வங்கதேசத்தின் தேஷ் கார்மெண்ட்ஸ், தென்கொரியாவின் டேவூ நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டு 130 பேரை அங்கே பூசான் நகரில் உள்ள ஆலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. 1987-க்குள் அவர்களில் 115 பேர் தேஷை விட்டுப் போய்விட்டார்கள். சிலர் சொந்த ஆலை தொடங்கினார்கள், மற்றவர்கள் புதிய ஆலைகளில் சேர்ந்தார்கள். அந்த நாட்டின் ஆடை ஏற்றுமதி வேர்பிடித்ததில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. (அனுப்பிய முதலாளிக்கு வயிறு எரிந்திருக்கும்!) தொழிலறிவு இப்படி ஆளோடு ஆளாகத்தான் இடம் மாறுகிறது. உங்கள் மகனுக்கு அது எங்கே கைக்கு வரும்?

பெரிய நிறுவனம் தரும் வேலை, தலைமையகத்துக் கையேட்டின்படி பரிசோதனைப் படிவங்களைச் சரிபார்ப்பது. எப்படிச் செய்வது என்று கையேட்டில் இருக்கும். ஏன் அப்படி என்பது தலைமையகத்தோடு நின்றுவிடும்.

உதிரிபாக ஆலையில், ஒரு துளையின் விட்டம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் பெட்டி அப்படியே திரும்பி வரலாம். கூடவே ஒரு படிவம்: பிழை ஏன் நேர்ந்தது, இனி வராமலிருக்க என்ன செய்வீர்கள்? துளைக்கும் கருவி தேய்ந்துவிட்டது. ஏன்? மாற்றவேண்டிய நாளில் மாற்றவில்லை. ஏன்? டொயோட்டா பழக்கிவிட்ட 'ஐந்து ஏன்' முறை இதுதான். அதை நிரப்ப உட்காரும் இளம் பொறியாளர் ஓராண்டில் இயந்திரத்தின் நாடியைப் பிடித்துவிடுவார். வாங்கும் நிறுவனமே ஆள் அனுப்பிச் சொல்லித் தருவதும் உண்டு. பொருள் சரியாக வந்தால்தானே அதற்குப் பிழைப்பு! போட்டியாளரிடம் மூடி வைப்பதைப் பொருள் தருபவரிடம் திறந்து காட்டுகிறார்கள். லிதுவேனியாவின் ஆலைகளைப் பற்றி 2004-இல் வெளிவந்த ஆய்வும், அந்நிய முதலீட்டால் உற்பத்தித் திறன் கூடுவது அந்நிய நிறுவனங்களுக்குப் பொருள் வழங்கும் துறைகளில்தான் என்று கண்டது.

எல்லா உதிரிபாக ஆலையும் இப்படி இல்லை. வரைபடத்தை வாங்கி, சொன்னதைச் செய்து, லாரியில் ஏற்றிவிடும் கூடங்களும் உண்டு. மகன் ஒரு நாள் நேரில் போய், அந்தப் படிவத்தை யார் எழுதுகிறார்கள் என்று கேட்டுவரட்டும். "மேலாளர் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்தால் பெரிய நிறுவனத்துக்கே போகட்டும், நான் தடுக்கமாட்டேன்.

வெளிநாட்டுப் பயிற்சி தருவதாக ஆலை சொல்லியிருக்கிறது அல்லவா? இத்தனை ஆண்டு விலகக்கூடாது என்று ஒரு பாண்டு பெரும்பாலும் அதோடு வரும். கையெழுத்துப் போடும் முன் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள்.