சொட்டுநீர் மானியம்: கைக்கு வராத பணத்தைக் கட்டச் சொல்கிறார்கள்

கேள்வி: ஐயா, நான் திண்டுக்கல் மாவட்டத்துச் சிறு விவசாயி. 4 ஏக்கர் தென்னைக்கு 100 சதவீத மானியத்தில் சொட்டுநீர் போட விண்ணப்பித்தேன். கம்பெனி ஆட்கள் பல தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டரை ஏக்கருக்கு மட்டும் குழாய் போட்டார்கள். ஒன்றரை வருடம் கழித்து வந்த அதிகாரிகள் குழாய் குறைகிறது என்கிறார்கள். மானியம் முழுவதையும் 15 நாளில் கட்டாவிட்டால் வருவாய் வசூல் சட்டப்படி நடவடிக்கையாம். நிலத்தை ஜப்தி செய்துவிடுவார்களா?

பதில்: உடனே ஜப்தி செய்துவிட முடியாது. அதற்காக நோட்டீஸைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

உங்களுக்கு எதிரான ஒரே ஆவணம், வேலை முடிந்ததாக நீங்கள் போட்ட கையெழுத்து. “படிக்காமல் போட்டேன்” என்ற பதில் மட்டும் எடுபடாது. ஆனால் மானியம் போனது கம்பெனியின் கணக்குக்கு. அதை விடுவிக்கும் முன் வயலைப் பார்த்து, படம் எடுத்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது துறையின் அலுவலர். அன்று அவர் கண்ணில் 4 ஏக்கருக்கும் குழாய் தெரிந்தது எப்படி? இந்தக் கேள்விதான் உங்கள் வழக்கின் உயிர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் கோப்பின் நகலைக் கேளுங்கள்: பில், ஆய்வறிக்கை, புகைப்படங்கள். 30 நாளில் தர வேண்டும்.

அதுவரை காத்திருக்காமல், கெடுவுக்குள் நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். பணம் பெறவில்லை, குறை கம்பெனியுடையது, என் முன்னிலையில் கூட்டாக அளக்க வேண்டும், என்னை நேரில் விசாரிக்க வேண்டும். இவ்வளவு போதும். தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம், அரசுக்குச் சேர வேண்டிய தொகையை வசூலிக்கும் வழியைத்தான் சொல்கிறது. தொகை சேர வேண்டியதுதானா என்பதே தகராறாக இருக்கும்போது, ஒரு தரப்பே நீதிபதியாகித் தீர்மானிக்க முடியாது. ரமேஷ்வரா ரைஸ் மில்ஸ் வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றம் ஒப்பந்த மீறல் பற்றி இப்படித்தான் சொன்னது. விசாரிக்காமலே வசூல் உத்தரவு வந்தால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம்.

இதற்கிடையில் கம்பெனி ஆள் வந்து, “மிச்சக் குழாயைப் போட்டுவிடுகிறோம், இதில் ஒரு கையெழுத்து” என்பார். வேண்டாம். நீங்களாகக் கடையில் குழாய் வாங்கி இழுத்துவிடவும் வேண்டாம். குறைவுதான் இப்போது உங்கள் சாட்சி. கூட்டாய்வு முடியட்டும்.

கம்பெனியை நுகர்வோர் ஆணையத்துக்கும் இழுக்கலாம். இலவசமாகக் கிடைத்த பொருளுக்கு வழக்கா என்று அவர்கள் கேட்பார்கள். விலை கொடுத்தவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(7). இங்கே விலை கொடுத்தது அரசு. ஆனால் 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். குழாய் போட்ட நாளிலிருந்து எண்ணினால் உங்களுக்கு மீதம் 6 மாதம்தான். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது.