பத்தனம்திட்டா: செங்கோட்டை வழியே போய், கவி வழியே திரும்புங்கள்

கேள்வி: பல வருடமாக மாலை போட்டு சபரிமலை போகிறேன். நிலக்கல், பம்பை தவிர அந்தப் பத்தனம்திட்டா மாவட்டத்தில் வேறு எதையும் பார்த்ததில்லை. இந்த முறை அம்மா (வயது 70), மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளோடு மதுரையிலிருந்து சொந்தக் காரில் நான்கு நாள் பயணமாகப் போக ஆசை. எந்த மாதம் நல்லது? அம்மாவை வைத்துக்கொண்டு கவி காட்டுக்குப் போக முடியுமா? ஆறன்முளாக் கண்ணாடி அசல்தானா என்று எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை, மண்டல, மகரவிளக்குக் காலத்தில் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கப் போகவேண்டாம். அந்த இரண்டு மாதமும் மாவட்டத்தின் சாலை, பஸ், தங்கும் அறை எல்லாமே ஐயப்ப பக்தர்களுக்கானவை. ஜூன், ஜூலை மழையில் மலைச்சாலையை நம்ப முடியாது.

பிள்ளைகளுக்கு ஏற்றபடி பார்த்தால் இரண்டு காலம்தான் மிஞ்சுகிறது. ஒன்று, காலாண்டு விடுமுறை. ஆறன்முளாவில் வள்ளசத்யா எனும் படகோட்டிகளுக்கான கோயில் விருந்து அக்டோபர் தொடக்கம் வரை நடக்கும். மழையில் குளித்த காடும் பச்சையாக இருக்கும். இன்னொன்று, ஏப்ரல் 14 ஒட்டிய நாட்கள். மலையாள மேட மாதம் பிறந்ததும் கடம்மனிட்டா தேவி கோயிலில் பத்து நாள் படயணி எனும் சடங்கு ஆட்டம். பாக்குமரப் பாளையில் வண்ணம் தீட்டிய பைரவி, காலன், யட்சி கோலங்களைத் தலையில் தாங்கி, தப்புப் பறை முழங்க, தீப்பந்த வெளிச்சத்தில் இரவெல்லாம் ஆடுவார்கள். ஆனால் 70 வயது அம்மாவோடு இரவு முழுக்கக் கண்விழிப்பது கடினம், வெயிலும் புழுக்கமும் வேறு. உங்களுக்கு நான் சொல்வது காலாண்டு விடுமுறைதான்.

மதுரையிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகப் போங்கள். புனலூரிலிருந்து வடக்கே போகும் மலையோரச் சாலை பத்தனாபுரம், கோன்னி வழியாக நேரே பத்தனம்திட்டாவுக்கு வருகிறது. கோன்னியில் இறங்கிப் பிள்ளைகளுக்கு ஆனக்கூட்டைக் காட்டுங்கள். 1942-ல் பெரிய மரக்கட்டைகளால் கட்டிய கூண்டு. காட்டில் பிடித்த யானைகளைப் பழக்கிய இடம். 1888-லேயே திருவிதாங்கூரின் முதல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது கோன்னிக் காடு. பக்கத்தில் தண்ணித்தோடு சாலையில் அடவி என்ற இடத்தில் கல்லாற்றில் பரிசல் சவாரி உண்டு. ஆற்றில் தண்ணீர் அளவாக இருந்தால்தான் விடுவார்கள்.

தங்குவதற்குக் கோழஞ்சேரி அல்லது ஆறன்முளா பக்கம் பாருங்கள். மலை மேல் அறை எடுத்தால் அம்மா தினமும் வளைவுச் சாலையில் அலைய வேண்டியிருக்கும்.

ஆறன்முளாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அவசரமாக வந்து கண்ணாடி வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அங்குள்ள பார்த்தசாரதி கோயில்தான் நம்மாழ்வார் பாடிய திருவாறன்விளை. அம்மா திவ்யதேசம் சேவிக்கிறவர் என்றால் அவருக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். கிழக்கு வாசலில் 18 படி ஏறவேண்டும். வடக்கே பம்பைக்கு இறங்கும் படிகள் இன்னும் அதிகம், அம்மா மேலே நின்றே ஆற்றைப் பார்க்கட்டும். ஆண்கள் சட்டை இல்லாமல் வேட்டியோடு உள்ளே போகவேண்டும். முற்பகலோடு நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள், அதனால் காலை வேளையில் போய்விடுங்கள். மாலையில் திருவல்லா ஸ்ரீவல்லபர் கோயிலுக்குப் போகலாம், அதுவும் திவ்யதேசம், திருவல்லவாழ். அங்கே கதகளியே நேர்த்திக்கடன். பெரும்பாலான இரவுகளில் யாராவது ஒருவரின் வேண்டுதலாக ஆட்டம் நடக்கும். அன்று உண்டா என்று கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வள்ளசத்யா பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நிறையப் பேர் இதை ஓட்டல் விருந்து மாதிரி நினைத்து வருகிறார்கள். பம்பை ஆற்றோரத்தில் கரை எனப்படும் 52 ஊர்ப்பகுதிகளுக்குப் பள்ளியோடம் எனும் பாம்புப் படகு உண்டு. வேண்டுதல் நிறைவேறியவர் ஒரு கரையின் படகோட்டிகளை அழைத்து இறைவன் முன்னிலையில் உணவிடுவதே வள்ளசத்யா. இலையில் அறுபதுக்கும் மேற்பட்ட பதார்த்தங்கள். சாப்பிடுகிறவர்கள் வஞ்சிப்பாட்டாக, அதாவது படகுப் பாட்டாகப் பாடி ஒவ்வொன்றையும் கேட்பார்கள். கேட்டதை இல்லையென்று சொல்லக்கூடாது. வெளியூர்க்காரர்கள் முன்கூட்டியே அனுமதிச்சீட்டு வாங்கித்தான் பந்தியில் உட்காரலாம். நிற்கும் பள்ளியோடத்தில் ஏறிப் படம் எடுக்காதீர்கள், பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். ஊரார் அதைத் தெய்வமாகவே கும்பிடுகிறார்கள், அதில் செருப்புக் காலோடு யாரும் ஏறுவதில்லை.

இனி கண்ணாடி. இது பாதரசம் பூசிய கண்ணாடியே அல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றிய உலோகம். கலவை விகிதம் சில குடும்பங்களுக்குள்ளேயே இருக்கிறது. அவர்களின் முன்னோர் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கோயில் வேலைக்கு வந்தவர்கள் என்பது அங்கே வழங்கும் வரலாறு. சோதனை எளிது: விரல் நுனியையோ ஒரு காகித ஓரத்தையோ முகப்பில் வைத்துப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடியில் பொருளுக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும். இதில் இரண்டும் ஒட்டி நிற்கும், பிம்பம் மேற்பரப்பிலேயே விழுவதால். கடைக்காரரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள், ரேகை படியும். கடையில் வாங்குவதைவிட வார்க்கிற பட்டறைக்கே போய், புவிசார் குறியீட்டு முத்திரையும் உத்தரவாதச் சீட்டும் கேட்டு வாங்குவதே நல்லது. பித்தளைச் சட்டத்தின் வேலைப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் விலை. அதனால் எளிய சட்டத்தில் கொஞ்சம் பெரிய முகப்பாக எடுங்கள். உலோகம்தானே என்று எண்ணிவிட வேண்டாம், கீழே விழுந்தால் உடையும். காரில் துணி சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவியைக் கடைசி நாளுக்கு வையுங்கள், திரும்பும் வழியாகவே அமையும். ஆங்கமூழி, மூழியார், கக்கி அணை, கவி, வள்ளக்கடவு, வண்டிப்பெரியார், குமுளி, அங்கிருந்து கம்பம், தேனி, மதுரை. ஒரு நாளைக்கு இத்தனை கார் என்று வனத்துறை கணக்கு வைத்திருக்கிறது, இணையத்தில் முன்பதிவு செய்யாமல் ஆங்கமூழி செக்போஸ்ட்டுக்குப் போய் நிற்காதீர்கள். இடம் கிடைக்காவிட்டால், பத்தனம்திட்டாவிலிருந்து விடிகாலையில் கவி வழியாகக் குமுளிக்குப் போகும் கேரள அரசு பஸ் இருக்கிறது. ஆனால் காரை விட்டுவிட்டு அம்மாவை அதில் ஏற்றாதீர்கள், பல மணி நேரம் குறுகிய வளைவுகளில் ஆட்டம் தாங்காது. அப்போது ரான்னி, எருமேலி, முண்டக்கயம் வழியாகக் குமுளிக்குப் போய்விடுங்கள்.

கவியில் நம் தமிழ் கேட்கும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழர்களை அங்கே ஏலத்தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினார்கள், அவர்கள் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பேசினால் மனம் விட்டுப் பேசுவார்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுப்பதை மட்டும் தவிருங்கள்.

காட்டுச் சாலையில் கடை கிடையாது. சாப்பாடும் தண்ணீரும் பாத்திரத்தில் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக்கை செக்போஸ்ட்டிலேயே வாங்கிவிடுவார்கள். டீசலோ பெட்ரோலோ பத்தனம்திட்டாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னல் பல இடத்தில் இருக்காது. யானை சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காமல், இறங்காமல், தூரத்திலேயே காரை நிறுத்திக் காத்திருங்கள். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். ஒரு பொட்டலம் உப்பு போதும். அம்மாவை முன் இருக்கையில் உட்கார வைத்து, காலை உணவை அரைவயிறாகக் கொடுங்கள். ஆங்கமூழியைக் காலையிலேயே கடந்தால்தான் குமுளி இறக்கத்தை வெளிச்சத்தில் முடிக்கலாம்.

சபரிமலையை இதே பயணத்தில் சேர்க்கலாமா என்ற எண்ணம் வரக்கூடும். வேண்டாம். விரதமும் சுற்றுலாவும் ஒரே நான்கு நாளில் அடங்காது. உங்கள் குருசாமியோடு வழக்கம்போல் தனியாகப் போய்வாருங்கள்.