வாங்கலாமா, வேண்டாமா? பழைய காரில் டர்போ: கேள்வி-பதில்

கே: 1994 மஸ்டா மியாட்டா, 1.8 லிட்டர் இன்ஜின். “முழு டர்போ கிட்” மலிவாகக் கிடைக்கிறது. வீட்டு கராஜிலேயே மாட்டலாமா? (மார்க்கம், கனடா)

ப: மாட்டலாம். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சாதனம்; அப்படித் திணிக்கும் அழுத்தம்தான் பூஸ்ட். அந்த இன்ஜினின் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் விகிதம்) 9-க்கு 1தான். அளவான பூஸ்ட்டைத் தாங்கும். எனக்கு ஆத்திரம் எல்லாம் “முழு” என்ற அந்த வார்த்தை மேல்தான். பெட்டியைப் பிரித்தால் டர்போ, அதை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்ட், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், குழாய்கள் இருக்கும். பெட்ரோல் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர் இருக்காது, ட்யூன் செய்யக்கூடிய ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) இருக்காது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் கலவை மெலிந்து, இன்ஜின் நாக் அடித்து (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து), பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். இன்ஜினைக் காப்பாற்றும் சாமான்களை விட்டுவிட்டு மீதியை “முழு கிட்” என்று விற்பது ஏமாற்று வேலை. நான் வாங்கிய கிட்டில் டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாயே சம்ப்பில் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) பொருந்தவில்லை. வெளியே கொடுத்துச் செய்ய வேண்டியதாயிற்று. அந்தக் குழாயில் ஆயில் தானாகக் கீழே இறங்க வேண்டும். நடுவில் எங்காவது மேலே வளைந்தால் டர்போவின் சீல் வழியே கசிந்து நீலப் புகை வரும். இன்ஜெக்டர் என்ன அளவு, ஈசியூ எது, காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் உண்டா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கே: நண்பர் மியாட்டாவில் 10 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) பூஸ்ட் வைத்து ஓட்டுகிறார். என் 2013 சுபாரு பிஆர்இசட்டிலும் அதே பூஸ்ட் வைக்கலாமா?

ப: கூடாது. உங்கள் இன்ஜினின் கம்ப்ரெஷன் 12.5-க்கு 1. கம்ப்ரெஷன் கூடக் கூட, அதே பூஸ்ட்டில் சீக்கிரம் நாக் அடிக்கும்.

கே: செகண்ட் ஹேண்ட் கார். கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது) எடுக்காமலே கிட் ஆர்டர் போட்டுவிட்டேன். பரவாயில்லையா?

ப: பரவாயில்லை என்று எப்படிச் சொல்வேன்? கார் வாங்கும் முன்பே எடுத்திருக்க வேண்டிய டெஸ்ட் அது. இன்றைக்கே எடுங்கள். ஏதாவது ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், கிட்டைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கே: டர்போ போட்ட கார் கலிஃபோர்னியாவில் ஸ்மாக் டெஸ்ட் (புகைச் சோதனை) தேறுமா?

ப: உங்கள் மாடலுக்கான கார்ப் (கலிஃபோர்னியா காற்று வள வாரியம்) இஓ அனுமதி எண் கிட்டுக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணால் பார்க்கும் சோதனையிலேயே தோற்கும்.

கே: கோவையில் 2010 சிவிக் வைத்திருக்கிறேன். டர்போ போட்டால் போலீஸ் பிடிக்குமா?

ப: போலீஸை விடுங்கள், விபத்து நடந்தால் என்ன செய்வீர்கள்? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்க அது போதும். ரோட்டில் ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

கே: பெரிய பிராண்ட் பெயர் போட்ட டர்போ, பாதி விலைக்கு வாங்கினேன். 3 மாதத்தில் ஷாஃப்ட் (சுழல் தண்டு) ஆடுகிறது. “நீங்கள் மாட்டியது தப்பு” என்கிறார் விற்றவர். பணம் போனது போனதுதானா?

ப: இல்லை, மனம் தளராதீர்கள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஷாஃப்ட் அது. போலிச் சரக்கு நெடுநாள் தாங்காது. பெயர்த்தகட்டையும் சீரியல் எண்ணையும் படம் எடுத்து, பிராண்டின் சொந்தக் கம்பெனிக்கு அனுப்பிக் கேளுங்கள். போலி என்று எழுத்தில் பதில் வந்துவிட்டால், மாட்டியது சரியா தப்பா என்ற பேச்சுக்கே இடமில்லை. கார்டில் கட்டியிருந்தால் அந்தக் கடிதத்தோடு வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு) கேளுங்கள்; அதற்குக் கெடு உண்டு, தாமதிக்காதீர்கள். பணம் வரும்வரை டர்போவைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.