நாய்க்கு ஒரு பக்க மூக்கில் ரத்தம்: சிடி ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் குடியாத்தம். எங்கள் சிப்பிப்பாறைக்கு 7 வயது. மூன்று வாரமாக இடது மூக்கில் மட்டும் விட்டு விட்டு ரத்தம் வருகிறது. தும்மினால் சுவரில் தெறிக்கிறது. டாக்டர் சென்னைக்குப் போய் சிடி ஸ்கேன் எடுத்து வரச் சொல்கிறார். மூக்குக்கு ஸ்கேனா? எக்ஸ்ரே போதாதா? மயக்க மருந்து என்றதும் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

பதில்: டாக்டர் சொன்னது சரியான வழி. ஆனால் வண்டி ஏறுமுன் ரத்தப் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். நம் பக்கத்தில் நாய்க்கு மூக்கில் ரத்தம் என்றாலே முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சலை. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா கிருமி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அதுதான் காரணம் என்றால் சென்னைப் பயணமே தேவைப்படாமல் போகலாம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். குளிர்ந்த எவர்சில்வர் தட்டை நாயின் மூக்குக்கு நேரே பிடியுங்கள். இரண்டு பக்கமும் ஆவி படிய வேண்டும். இடது பக்கம் படியவே இல்லை என்றால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. இதை டாக்டரிடம் சொல்லுங்கள், அவருக்குப் பெரிய உதவி.

இனி எக்ஸ்ரே விஷயம். நாயின் மூக்குக்குள் முறுக்கு பிழிந்து வைத்ததுபோல, காகிதம் போன்ற மெல்லிய எலும்புச் சுருள்கள் நெருக்கமாக இருக்கின்றன. எக்ஸ்ரேயில் இவையும் பல்லும் தாடையும் ஒன்றின்மேல் ஒன்று நிழலாக விழுந்துவிடும். சிடி அப்படியல்ல. வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கிப் பார்க்கிறோமே, அதுபோல ஒரு மில்லிமீட்டர் கனத்தில்கூட மூக்கை வெட்டிக் காட்டும், கத்தியே படாமல். பூஞ்சை என்றால் சுருள்கள் அரிக்கப்பட்டு குகைபோல வெற்றிடம் தெரியும். கட்டி என்றால் இடம் அடைபட்டு, நடுச்சுவர் மறுபக்கம் தள்ளப்பட்டிருக்கும். மேல்தாடைப் பல்லின் வேரில் சீழ் கட்டி மூக்குக்குள் உடைந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது மூக்குக்கும் மூளைக்கும் நடுவே உள்ள சல்லடை எலும்பு. வாசனை நரம்புகள் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. பூஞ்சைக்கு மூக்குக்குள் மருந்து நிரப்பி வைத்தியம் செய்வது வழக்கம். சல்லடை அரித்திருந்தால் அந்த மருந்து மூளைப் பக்கம் கசியக்கூடும். அதைப் பார்க்காமல் மருந்து நிரப்பவே கூடாது.

படத்தைப் பார்த்து மட்டும் இது புற்றுநோய்தான் என்று யாரும் முடிவு சொல்ல முடியாது. சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். புல் முள் போன்ற சின்னப் பொருள் ஸ்கேனில் தப்பிவிடுவதும் உண்டு. அதனால் அதே மயக்கத்தில் முதலில் சிடி, பிறகு மூக்குக்குள் கேமரா, கடைசியில் சதைத் துணுக்கு என்று முடித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். வரிசை மாறினால் கசியும் ரத்தமே படத்தைக் குழப்பிவிடும். ஸ்கேனுக்கு முன் யாரும் மூக்கைக் கழுவ விடாதீர்கள்.

மயக்கம் பற்றிய பயம் நியாயமானது. ஸ்கேன் சில நிமிடம்தான், ஆனால் தலை அசையக் கூடாது. மூச்சுக்குழலில் குழாய் போடுவதால் மூக்கு ரத்தம் நுரையீரலுக்குள் இறங்காமலும் தடுக்கலாம். 7 வயது தடையில்லை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: இது சிப்பிப்பாறை. கொழுப்பில்லாத ஒல்லி உடம்பு வேட்டை நாய்கள் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகளிலிருந்து மெதுவாகத்தான் எழும். மருந்தைத் தேர்வு செய்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வேலூர் வெயில் ஏறுமுன் விடியற்காலையில் கிளம்புங்கள். முதல் நாள் இரவு எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்துவது என்று ஸ்கேன் எடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது பிலிம் மட்டும் வாங்கி வராமல் எல்லாப் படங்களும் பதிந்த குறுந்தகட்டையும் (டிஸ்க்) கேட்டு வாங்குங்கள். உங்கள் டாக்டர் வில்லை வில்லையாக ஓட்டிப் பார்க்க அதுதான் வேண்டும்.